முடிவுக்கு முன்பே வைத்த பேனர்

1

ஃப்ளெக்ஸ் பேனரில் என் முகம் ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் ஊரில் என்னைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு அந்த மரியாதை ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே போன வைகாசியில் ஒரு காலை, அலுவலகத்தில் முதல் காப்பியோடு கைபேசியைத் திறந்தபோது, எளாவூர் மெயின் ரோட்டில் நான் சிரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு முதலில் அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் தேடினேன். இல்லை. உயிரோடுதான் இருந்தேன். பேனரை முழுசாகப் படித்த பிறகு, இல்லாமலே போயிருக்கலாம் என்று தோன்றியது.

பேனரின் நடுவில் பட்டமளிப்பு அங்கியோடு ஓர் இளம்பெண். அவளுக்குப் பின்னால் பூமி உருண்டை. இடப்பக்கம் புலி, வலப்பக்கம் நீர்வீழ்ச்சி, அதில் தண்ணீர் குடிக்கும் இரண்டு மான்கள். 'உலக விருது வென்று மண்ணுக்குப் பெருமை சேர்த்த எங்கள் வீட்டுச் செல்வம் சா. ரெபேக்கா எம்.எஸ்ஸி.' அடியில் வரிசையாகச் சொந்தக்காரர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டு. பாதிப் பேர் காதில் கைபேசி வைத்திருந்தார்கள். மேலே வலது மூலையில், வழக்கமாகக் கட்சித் தலைவர்கள் கைகூப்பும் இடத்தில், நான். படம் நான் விமானம் ஏறிய காலத்தது. அப்போது எனக்கு முடி இருந்தது. கீழே எழுதியிருந்தது: 'அன்புத் தாய்மாமன், நெதர்லாந்து.'

இதில் சில சிக்கல்கள். ரெபேக்கா இன்னும் எந்த விருதையும் வெல்லவில்லை; இறுதிச் சுற்றுக்குத்தான் வந்திருந்தாள். நான் அவளுடைய தாய்மாமன் இல்லை; உறவே இல்லை. இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் அந்த விருதை வழங்கும் குழுவுக்கு நான்தான் செயலாளர்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் வடகோடியில், கடலோரச் சேற்றையும் அதில் வாழ்பவற்றையும் ஆராயும் ஒரு நிலையத்தில் வேலை பார்க்கிறேன். விஞ்ஞானியாகத்தான் வந்தேன். ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்காமல் நின்றபோது, "உங்களுக்கு மனிதர்களோடு நன்றாகப் பழக வருகிறது" என்று சொல்லி நிர்வாகத்துக்கு மாற்றினார்கள். ஒரு விஞ்ஞானியைப் பார்த்து அப்படிச் சொன்னால் அவன் கட்டுரைகளைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்று பொருள். அதன்பின் நான் கூட்டத்துக்கு அறை பிடித்தேன், சேற்றில் இறங்குகிறவர்களுக்கு பூட்ஸ் வாங்கித் தந்தேன், விருதுக்கு வரும் விண்ணப்பங்களை அடுக்கி வைத்தேன். எனக்கு ஓட்டு கிடையாது. காப்பி ஊற்றும் உரிமை உண்டு.

விருது நல்ல விருது. சூழலியலில் ஆராய்ச்சியைத் தொடங்கும் மாணவருக்கு ஓராண்டு களச் செலவு, அதன்பின் எங்கள் ஆய்வகத்தில் ஓர் இடம், பிஎச்.டி.க்கு வழி. 'எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்' என்று போட்டிருக்கும். கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ வருக' என்று அச்சடிக்கிறோமே, அதைப்போல. மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் மண்டபத்துக்கு வழி தெரிந்தவர்கள்தான் வருவார்கள். பரிந்துரைக்கும் பேராசிரியருக்கு நிறுவன மின்னஞ்சல் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. எங்கள் பக்கத்துப் பேராசிரியர்களுடைய நிறுவன மின்னஞ்சல், அது உண்டாக்கப்பட்ட அன்றே கடவுச்சொல் மறந்துபோய் அநாதையாகக் கிடக்கும். இந்த மாதிரி ஒரு கம்பியில் மாட்டி, நல்ல மூளைகள் வெளியிலேயே நின்றுவிடுவதை வருடாவருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன குளிர்காலத்தில் ஊருக்கு வந்தபோது, தண்டபாணி என்னை நூலகத்துக் கூடத்தில் பேச வைத்தான். தண்டபாணி என்னோடு பள்ளியில் படித்தவன். எளாவூரில் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறான். 'வெளிநாட்டில் சூழலியல் வேலைவாய்ப்பு' என்று தலைப்பையும் அவனே வைத்துவிட்டான். வந்தவர்கள் சம்பளம் கேட்டார்கள், குளிர் கேட்டார்கள், அங்கே சாம்பாருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், லாரி டயர்ல ஒட்டிகினு வர்ற மண்ணுல இன்னா மொளைக்குதுன்னு பார்த்தா, அத்த ஆராய்ச்சின்னு ஒத்துப்பாங்களா?"

நான் கெட்டிக்காரத்தனமாக, "அவங்க ஒத்துப்பாங்கம்மா. ஊட்ல ஒத்துக்கணுமே" என்றேன்.

"ஊட்ல ஒத்துகினாங்க சார். எங்க டிபார்ட்மென்ட்தான் ஒத்துக்கல."

கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள்தான் ரெபேக்கா.

3

எளாவூரைத் தெரிந்தவர்களுக்கு அவள் கேள்வியின் அழகு புரியும். கொல்கத்தா நெடுஞ்சாலையில் மாநில எல்லைச் சோதனைச்சாவடி. ஆந்திரா, ஒடிசா, வங்காளம் என்று எங்கெங்கோ உழன்ற டயர்கள் அங்கே வந்து நிற்கின்றன. டயர்ப் பள்ளங்களில் அந்தந்த ஊர்ச் சேறு, சேற்றுக்குள் விதைகள். மனிதர்களுக்கும் சரக்குக்கும் சாவடி உண்டு. விதையை யாரும் சோதிப்பதில்லை. அது பாட்டுக்கு இறங்கி, சாலையோரப் பள்ளத்தில் முளைத்து, பக்கத்து ஏரிக்குள் போய்க் குடும்பம் நடத்துகிறது. எது வருகிறது, எது பிழைக்கிறது, எது உள்ளூர்ச் செடியை விரட்டுகிறது என்பதுதான் ரெபேக்காவின் ஆராய்ச்சி.

முறை எளிமையானது. வண்டி நிற்கும்போது டயருக்கு அடியில் பழைய ஃப்ளெக்ஸ் விரிப்பு ஒன்றை நீட்டி, பள்ளங்களில் இருக்கும் மண்ணைச் சுரண்டி விழவைப்பாள். எந்த ஊர் வண்டி, எந்த வழி வந்தது என்று டிரைவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வாள். மண்ணை வீட்டு மாடியில் பெயின்ட் டப்பாக்களில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, எது முளைக்கிறது என்று பார்ப்பாள். சிக்கல் ஒன்றுதான்: டிரைவர் வண்டியை எடுப்பதற்குள் சுரண்ட வேண்டும். "ஓடிகினே பண்ற ஆராய்ச்சி சார் இது" என்றாள் அன்று, கூட்டம் கலைந்த பிறகு. "நான் ஒரு டயருக்குக் குந்தறதுக்குள்ள, அவரு டீய ஊத்திகினு வந்து கியர போட்டுடறாரு. போன வாரம் பாதி மண்ணு விஜயவாடா போயிடிச்சி."

இதைச் செய்ய அவளுக்கு ஒரு கூட்டாளி வேண்டும், ஒரு வண்டி வேண்டும், செடிகளை அடையாளம் காண ஓர் ஆய்வகம் வேண்டும். இல்லையென்றால் வேலைக்குப் போக வேண்டும். அவள் அப்பா சாலமன், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். அவருடைய அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அதே ஆலையின் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவில் மகளுக்கு ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சூழலியல் படித்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் கிடைக்கும் வேலை அதுதான். அந்தப் பிரிவுகளை நான் அறிவேன். சுற்றுச்சூழல் தினத்தன்று மேலாளர் மரக்கன்று நடும்போது கன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருடம் அதே குழியில் அடுத்த கன்று. வளாகத்திலேயே நீடித்து வாழும் ஒரே உயிரினம் அந்தக் குழிதான். அது வேண்டாமென்றால், ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதித் தரும் ஆலோசனைக் கம்பெனிகள். அங்கே விலங்குப் பட்டியல் ஏற்கெனவே கணினியில் இருக்கும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.

"அங்க போனா, கன்னு நடற போட்டோ எடுத்துகினே கெழவி ஆயிடுவேன் சார்" என்றாள் ரெபேக்கா.

விண்ணப்பிக்கச் சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் விண்ணப்பம் வந்த அன்றே, இவர் எங்கள் ஊர்ப்பெண், உறவில்லை, ஒருமுறை சந்தித்திருக்கிறேன் என்று குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். அவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னை வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் நத்தைப் படத்தை நானும் நன்றாகவே ஆராய்ந்தேன்.

4

பேனர் படத்தை எனக்கு அனுப்பியவன் தண்டபாணி. அடித்தவனும் அவன்தான். உடனே கூப்பிட்டேன்.

"இன்னா நைனா, பாத்தியா? இன்னா ஷோக்கா வந்துகீது!"

"தண்டபாணி, ரிசல்ட் இன்னும் வரல."

"வராம எங்க போவப் போவுது?"

"'வென்று'ன்னு போட்டிருக்க."

"பின்ன 'வென்றாலும் வெல்லலாம்'னு பேனர் அடிப்பாங்களா? நீ ஒருத்தன் பேஜாரு புடிச்சவன். வரலன்னா அந்த எடத்துல மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம். எலெக்‌ஷன்ல எத்தினி ஒட்டிகிறோம்."

"என்னை எதுக்குடா தாய்மாமன் ஆக்கின?"

"ஓ, அதான் கோவமா? மேல் மூல குடுத்துகிறேன், தாய்மாமன் இல்லாம யாருக்கு அந்த எடம் குடுப்பாங்க? செகரட்டரின்னு போட்டா எவன் மதிப்பான்? ஊர்ல சொசைட்டிக்குக்கூட செகரட்டரி கீறான்."

வைக்கச் சொன்னது சாலமன் என்றும், எதிர்த்த வீட்டுக் கல்யாணத்துக்கு நட்ட கம்பங்கள் காலியாக இருந்ததால் பிடுங்குவதற்குள் கட்டிவிட்டதாகவும் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"த பாரு. பாக்டரில ஜூலை ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணச் சொல்ட்டாங்க. உன் விருது வந்தா அந்தப் பொண்ணு போவாது. வரலன்னா போயிடும். அவ்ளோதான் மேட்டரு. நீ பாத்து எதனா..."

"நான் எதுவும் பண்ண முடியாது. நீ அடிச்ச பேனரால இப்ப பண்ணவே முடியாது."

அன்று மதியமே குழுத் தலைவர் யோஹானா என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் திரையில் எளாவூர் மெயின் ரோடு. பெயர் சொல்லாத யாரோ ஒரு நலம்விரும்பி அனுப்பியிருந்தார். கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலி ஒன்று இருக்கிறதே, புண்ணியவான்கள் செய்தது, அது எல்லாவற்றையும் சுத்தமாக டச்சில் பெயர்த்திருந்தது. 'அம்மாவின் சகோதரர்' என்பதை யோஹானா மஞ்சள் கோடிட்டிருந்தார்.

யோஹானா நல்லவர். செடிகளைப் படித்தவர், நேர்மையானவர். அவர் நேர்மைக்கு முன்னால் நிற்கும்போது, நாம் செய்யாத தப்பெல்லாம் நினைவுக்கு வரும்.

"இது நீங்களா?"

"ரொம்பக் காலம் முன்பு நான்."

"முடிவு அறிவிக்கும்வரை ரகசியம் காப்பதாக இந்தப் பெண் ஒப்புக்கொண்டிருக்கிறார். நீங்கள் உறவினர் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்."

எங்கள் ஊரில் மாமா என்பது பால்காரருக்கும் பொருந்தும் என்று விளக்கினேன். பேனர் என்பது செய்தி அறிக்கை அல்ல, வாழ்த்து என்றேன். கடைசியில் ஒரு வாதம் கிடைத்தது. இந்த நாட்டில் பிள்ளைகள் பள்ளி இறுதித் தேர்வில் தேறினால், வீட்டு வாசலில் கொடியேற்றி அந்தக் கம்பத்தில் பழைய புத்தகப் பையைத் தொங்கவிடுவார்கள். தெருவுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. "உங்களுக்குப் பை, எங்களுக்கு ஃப்ளெக்ஸ்" என்றேன்.

யோஹானா நிதானமாகச் சொன்னார்: "நாங்கள் முடிவு வந்த பிறகு தொங்கவிடுவோம்."

5

அந்த வாரம் எங்கள் வீட்டிலும் ஒரு முடிவுக்குக் காத்திருந்தோம். மகள் நிலா பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருந்தாள். நிலா இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவாள், அதனால் அவ்வப்போது கோபப்படுத்திப் பார்ப்பேன். ஊர் என்றால் அவளுக்கு வெயில், கொசு, 'எவ்ளோ வளந்துட்ட' என்று கன்னத்தைக் கிள்ளும் கைகள். நானும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. என் டச்சின் லட்சணம் அப்படி. ஒரு சாவு வீட்டில், இரங்கலுக்குப் பதில் வாழ்த்துச் சொல்லி, விதவையின் கையை வேறு உற்சாகமாகக் குலுக்கியிருக்கிறேன்.

பேனர் படத்தை அவளிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இவங்க எல்லாம் ஏன் போன் பேசறாங்க?"

"போஸும்மா அது. பிஸியான ஆளுங்கன்னு காட்டறதுக்கு."

"இந்தப் பொண்ணு ஜெயிக்கலியா?"

"இன்னும் தெரியாது. இந்தப் பேனராலயே தோத்துடலாம்."

கோபப்படுத்தாமலே தமிழில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்து கெடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வேலையிலிருந்து திரும்பியபோது எங்கள் வாசலில் கொடி பறந்தது. கம்பத்தின் நுனியில் நிலாவின் நைந்த பை. முடிவு வர இன்னும் நாள் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியருகே எனக்காகவே காத்திருந்து, மிகுந்த நாசூக்கோடு, "முடிவு வியாழக்கிழமை அல்லவா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடும்பத்தில் ஏதோ சரியில்லை என்று முடிவுகட்டி உள்ளே போனார். மனைவி கழற்றச் சொன்னாள். நிலா, "படிச்சது படிச்சதுதானே?" என்றாள். நான் கழற்றவில்லை.

6

குழு ரெபேக்காவை நேரில் விசாரிக்க முடிவு செய்தது. நேரில் என்றால் திரையில். இங்கே காலை, அங்கே மதியம். சாலமனும் பேச விரும்புவதாகச் சொன்னதால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. இந்த நாட்டில் முடி வெட்டவே முன்பதிவு வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குப் பல வாரம் ஆகும் என்றார்கள். ஆகவே உறவுக்காரர் என்று சந்தேகிக்கப்பட்ட என்னையே, உறவு இல்லை என்பதை விசாரிக்க மொழிபெயர்ப்பாளராக உட்காரவைத்தார்கள். உள்ளது உள்ளபடி பெயர்ப்பேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

திரையில் மொட்டைமாடி. வரிசையாகப் பெயின்ட் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் பச்சை. முன்னால் நாற்காலியில் ரெபேக்கா. பின்னால் ஆலைச் சீருடையில் சாலமன், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, யாரோ தேசியகீதம் பாடுவதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

ரெபேக்கா ஆங்கிலத்தில் பேசினாள். சுற்றி வளைக்கத் தெரியாத ஆங்கிலம்.

"பேனர் வைக்கப்போவது உங்களுக்குத் தெரியுமா?" என்று யோஹானா கேட்டார்.

தெரியாது என்று சொன்னால் போதும். அந்தக் கேள்வியே அவளுக்காக யோஹானா திறந்துவைத்த கதவு. அறையில் எல்லோருக்கும் அது புரிந்தது.

"தெரியும். படம் கொடுத்ததே நான்தான். 'வென்று' என்று போடவேண்டாம் என்றேன். டிசைன் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார்."

"செயலாளர் உங்களுக்கு என்ன உறவு?"

"ஒன்றுமில்லை. ஒருமுறை பார்த்திருக்கிறேன். நான் கேட்ட கேள்விக்கு ஜோக் அடித்தார்."

யோஹானா என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்க்க அதில் எதுவும் இல்லாததால் தண்ணீர் குடித்தேன்.

அடுத்து சாலமன். தொண்டையைச் செருமிக்கொண்டு கேமராவுக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டார். திரை முழுக்க மீசை.

"அய்யா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். எங்க காலனில சடங்குக்குப் பேனர் வெப்பாங்க. கல்யாணத்துக்கு வெப்பாங்க. செத்தா வெப்பாங்க. மொதலாளி பொறந்தநாளுக்கு நாங்களே வெச்சிகிறோம். படிச்சதுக்கு ஒரு பொண்ணுக்கும் வெச்சதில்ல. ஜெயிச்சாதான் வெக்கணும்னா, எங்க புள்ளைங்க மூஞ்ச நாங்க எப்ப பாக்கறது?"

பெயர்த்தேன். ஒரு குழு உறுப்பினர், "ஆனால் விருது இன்னும் முடிவாகவில்லையே?" என்றார்.

"குடுக்கறது உங்க இஷ்டம்மா. வாழ்த்தறது எங்க இஷ்டம். ரெண்டுத்தையும் ஏன் போட்டுக் கொழப்பிக்கிறீங்க?"

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று மென்மையாகப் பெயர்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. உள்ளபடியே பெயர்த்தேன்; சொல்லப்போனால் டச்சில் அது இன்னும் கொஞ்சம் கடுமையாகவே ஒலித்தது.

யோஹானா கடைசி வழியையும் காட்டினார். வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் எழுதித் தந்தால், குழு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ரெபேக்கா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. மகள் பார்க்கிறாள் என்பதால் நிமிர்ந்து நின்றார்.

"இரண்டு சொல் தப்பு. 'வென்று', 'தாய்மாமன்'. அதற்குத் திருத்தம் எழுதித் தருகிறேன்" என்றாள். "பேனருக்கு வருத்தம் தெரிவிக்க முடியாது மேடம். எனக்கு வருத்தம் இல்லை."

7

விருது வேறொருவருக்குப் போனது. தகுதியான ஆள்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ரெபேக்காவுக்கு வந்த கடிதத்தில், அறிவியல் மதிப்பீட்டில் அவள் திட்டமே முதலிடம் என்றும், நிபந்தனை மீறப்பட்டதால் தர இயலவில்லை என்றும், அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. இவ்வளவு மரியாதையாக ஒரு கதவைச் சாத்த டச்சுக்காரர்களால்தான் முடியும்.

என்னிடமும் விளக்கம் கேட்டார்கள். பேனரில் இடம்பெற்றதற்கு வருந்துவதாக ஒரு வரி போதும் என்றார்கள். 'பழைய படத்தைப் போட்டதற்கு வருந்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்தார்கள். இப்போது பூட்ஸ் மட்டும்தான்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கம் இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இனி எனக்குப் பதவி இல்லை, தைரியமாகச் சொல்லலாம். விண்ணப்பியுங்கள். உங்கள் களம் காடாக இருக்க வேண்டியதில்லை. புலி வேண்டாம், நீர்வீழ்ச்சி வேண்டாம். ஆலைக் கழிவுநீர் ஓடும் கால்வாய், சாவடிப் பள்ளம், சாம்பல் படிந்த வேலிக்காத்தான், எல்லாம் களம்தான். அறிவிப்பில் 'தூய இயற்கைச் சூழல்' என்று போட்டிருந்தால் தயங்காதீர்கள். அவர்கள் எளாவூரைப் பார்த்ததில்லை, அது அவர்கள் குறை. பேராசிரியரின் நிறுவன மின்னஞ்சலை முன்கூட்டியே தோண்டி எடுத்து வையுங்கள். தோற்றால் காரணம் கேட்டு எழுதுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. உங்கள் வீட்டில் பேனர் வைத்தால் வைக்கட்டும். எழுத்தை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

8

ஜூலையில் ஒரு மதியம் ரெபேக்கா கூப்பிட்டாள். பின்னணியில் ஏர்ஹாரன் அலறியது.

"சார், பாக்டரில ஜாயின் பண்ணிட்டேன்."

கன்று, குழி, புகைப்படம், கிழவி எல்லாம் கண்முன் வந்தது. ஒருவழியாக, "பரவாயில்லம்மா..." என்று தொடங்கினேன்.

"இன்னா சார் பரவால்ல? நீங்க வேற, சாவு வூட்ல பேசற மாதிரி பேசறீங்க. மொதல்ல சொல்றத கேளுங்க. இங்க எவ்ளோ லாரி வருது தெரியுமா? ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்கண்ட். எல்லாம் கேட்டாண்டயே நிக்குது, மணிக்கணக்குல."

"சரி."

"நான் இப்போ சேஃப்டி அண்ட் என்விரான்மென்ட். டயர் செக் பண்ணாம, கழுவாம, ஒரு வண்டியும் உள்ள வரக்கூடாதுன்னு ரூல் போட்டுட்டேன். மேனேஜர் ரொம்ப சந்தோசப்பட்டாரு, நல்ல இனிஷியேட்டிவ்னாரு. கழுவறதுக்கு முன்னாடி மண்ண நான் எடுத்துக்கிறேன், எழுத்துலயே பெர்மிசன் வாங்கிட்டேன். முந்தி டயரு பின்னால நான் ஓடினேன். இப்ப கேக்காமலே எறங்கி நிக்கிறாங்க சார், 'மேடம் பின்னாடி டயருலயும் கீது, எடுத்துக்கங்க'ன்றாங்க."

ஏர்ஹாரன் மறுபடி அலறியது. ரெபேக்கா கைபேசியை வாயிலிருந்து விலக்கி, "இருய்யா, இன்னா அவசரம்? டயரு காட்டாம எங்க போற?" என்று யாரையோ அதட்டினாள். அந்த லாரி நின்றது எனக்கு இங்கே கேட்டது.

ஆவணியில் ஒரு படம் அனுப்பினாள். பெயின்ட் டப்பாவில் ஒரே ஒரு நாற்று. இலையின் ஓரம் ஊதா, தண்டில் மெல்லிய ரோமம். 'சத்தீஸ்கர் வண்டி. இது இன்னான்னு எனக்குத் தெரியல சார், உங்களுக்குத் தெரியுமா?' எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாததில் வியப்பில்லை. காப்பி இடைவேளையில் யோஹானாவிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைபேசியை மூக்கருகே கொண்டுபோய், இரு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்த்தார். காப்பி ஆறியது.

"இது எங்கே முளைத்தது?"

"எங்கள் ஊரில். ஓர் ஆலை வாசலில் நின்ற லாரியின் டயர் மண்ணிலிருந்து."

"இது அங்கே இருக்கவே கூடாதே" என்றார் யோஹானா. பிறகு அவர் முகம் மாறியது. எந்தப் பெண்ணின் எந்தத் திட்டம் என்று விளங்கிவிட்டது. இன்னும் கொஞ்சநேரம் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை விட மனமில்லாமல்தான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அடுத்த ஆண்டு அவர் விண்ணப்பிப்பாரா?"

"என்னிடம் நீங்கள் அதைக் கேட்கக் கூடாது, யோஹானா" என்றேன். "நான் தாய்மாமன். விதி இருக்கிறது."